ஆத்தங்குடி ஆறாம் இடத்துக்கு வந்த வழி: தாயக்கட்டைக் கால்பந்து லீக், செய்முறைக் குறிப்பு

ஆத்தங்குடி இந்த சீசனை ஆறாவது இடத்தில் முடித்திருக்கிறது. 18 ஆட்டம், 6 வெற்றி, 5 டிரா, 7 தோல்வி, 23 புள்ளி. சலுகை எதுவும் இல்லாமல் வந்த 23. லீக்கில் சேர்ந்த முதல் சீசனில் இதே அணி 16 ஆட்டத்தில் 6 புள்ளி எடுத்துக் கடைசியில் கிடந்தது. நடுவில் எதை மாற்றினோம், எது பலித்தது, எது வெறும் சத்தத்தோடு போனது என்று எழுதி வைக்கிறேன். வீட்டளவில் இப்படி ஒரு லீக் நடத்துகிறவர்களுக்கும், புதிதாக ஓர் அணியைச் சேர்க்க நினைப்பவர்களுக்கும் உதவும்.

முதலில் ஒன்று: ஆத்தங்குடிக்கு இப்படி ஒரு கால்பந்து அணி கிடையாது. எங்கள் லீக்கில் பந்தும் இல்லை, மைதானமும் இல்லை. காரைக்குடி வீட்டுப் பட்டாலையில் ஒரு ஜமுக்காளம், பித்தளைத் தாயக்கட்டை மூன்று, ஒரு பல்லாங்குழி, ஒரு பேரேடு. பங்காளி வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கு ஓர் ஊரை எடுத்துக்கொண்டு ஆடுகிறோம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், கண்டனூர், புதுவயல், குன்றக்குடி என்று எட்டு அணிகளோடு ஆரம்பித்தது. வீரர்கள் எல்லோரும் கற்பனைதான். அணிக்கு 18 பேர், பேரேட்டில் பெயரும் எண்ணுமாக இருப்பார்கள். ஊரில் இருப்பவர் ஞாயிற்றுக்கிழமை கட்டையை உருட்டுவார். சென்னையிலும் கோவையிலும் இருப்பவர்கள் வீடியோ காலில் பார்ப்பார்கள்.

கட்டை

தாயக்கட்டைக்கு நான்கு பக்கம்: வெறுமை, 1, 2, 3. முதலில் இரண்டு கட்டையை உருட்டி, கூட்டுத்தொகை எவ்வளவோ அத்தனை கோல் என்று வைத்திருந்தோம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் தாய ஆட்டத்தில் பன்னிரண்டு, அதனால் பன்னிரண்டு கோல் கொடுக்க வேண்டும் என்று ஒரு தம்பி வழக்காடியது தனிக்கதை. அதை விட்டாலும் கணக்கு சரியாக வரவில்லை. இரண்டு கட்டையின் சராசரி 3. ஆக, ஓர் ஆட்டத்துக்கு ஆறு கோல். கோலே விழாத ஆட்டம் 256-க்கு ஒன்றுதான் வரும். நிஜக் கால்பந்தில் 0-0 எவ்வளவு சகஜம் என்பது டிவியில் பார்த்து அலுத்தவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது கட்டை வந்ததும்தான் இது சரியானது. கூட்டக் கூடாது, இடமதிப்பு வைத்துப் படிக்க வேண்டும். முதல் கட்டை × 16, இரண்டாவது × 4, மூன்றாவது அப்படியே. 0 முதல் 63 வரை 64 எண் கிடைக்கும், எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பு. அப்புறம் அந்த 64-ஐக் கோல்களுக்குப் பங்கு போட வேண்டியதுதான். கோல் விழும் எண்ணிக்கை பாய்சான் பரவலை ஒட்டி வரும் என்பது தெரிந்த விஷயம். சராசரி தெரிந்தால் 0, 1, 2 என்று ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் நிகழ்தகவுக் கணக்கு அது. பட்டியலை மட்டும் தருகிறேன்.

முதல் வரிசை, சராசரி 0.7: 0–31 வந்தால் கோல் இல்லை, 32–53 ஒரு கோல், 54–61 இரண்டு, 62–63 மூன்று.
இரண்டாம் வரிசை, சராசரி 1: 0–22 இல்லை, 23–46 ஒன்று, 47–58 இரண்டு, 59–62 மூன்று, 63 நான்கு.
மூன்றாம் வரிசை, சராசரி 1.5: 0–13 இல்லை, 14–35 ஒன்று, 36–51 இரண்டு, 52–59 மூன்று, 60–62 நான்கு, 63 ஐந்து.
நான்காம் வரிசை, சராசரி 2: 0–8 இல்லை, 9–25 ஒன்று, 26–42 இரண்டு, 43–54 மூன்று, 55–60 நான்கு, 61–62 ஐந்து, 63 ஆறு.

எந்த அணி எந்த வரிசையில் உருட்டும்? ஒவ்வொரு வீரருக்கும் 0 முதல் 9 வரை ஓர் எண் உண்டு. அதையும் மூன்று கட்டையை உருட்டிக் கூட்டித்தான் போட்டோம். முன்களம் ஐந்து பேர், பின்களம் ஐந்து பேர். கோல்கீப்பருக்கு எண் வைக்கவில்லை, வைத்தால் கணக்கு நீளும். உன் முன்களத் தொகையிலிருந்து எதிரணியின் பின்களத் தொகையைக் கழி. சொந்த ஊர் ஆட்டமென்றால் 3 கூட்டு. விடை −6 அல்லது அதற்கும் கீழே என்றால் முதல் வரிசை, −5 முதல் 0 வரை இரண்டாவது, 1 முதல் 6 வரை மூன்றாவது, 7 அல்லது அதற்கு மேல் நான்காவது. சம பலமுள்ள இரண்டு அணிகள் மோதினால் உள்ளூர் அணி மூன்றாம் வரிசையிலும் வந்த அணி இரண்டாம் வரிசையிலும் உருட்டும். நூற்றுக்கு 48 உள்ளூருக்கு, 26 டிரா, 25 வந்தவருக்கு. கால்பந்து மாதிரியே இருந்தது. இந்த நான்கு வரிசைப் படிக்கட்டில் ஒரு கோளாறு ஒளிந்திருந்தது, அது பிறகு.

கட்டை வாங்கிய கதைக்கு வருகிறேன். ஒரு ஜோடி பழைய பித்தளைக் கட்டையை முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடையொன்றில் 450 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்றாவதை ஒரு பட்டறையில் பித்தளைச் சதுரக் கம்பியில் வெட்டிப் புள்ளி அடித்து வாங்க 180 ஆனது. புதுக் கட்டையில் குறை இல்லை. பழைய ஜோடியில் ஒன்று 1-ஐயும் 3-ஐயும் அள்ளி அள்ளிப் போட்டது. 200 தடவை உருட்டிக் குறித்துப் பார்த்தோம். பக்கத்துக்கு 50 வர வேண்டும். வெறுமை 38, 1 வந்தது 63, 2 வந்தது 39, 3 வந்தது 60.

வெர்னியர் காலிபரை இரவல் வாங்கி அளந்தால் காரணம் தெரிந்தது. கட்டை சரியான சதுரம் இல்லை. 1-ம் 3-ம் எதிரெதிர்ப் பக்கங்கள், அவற்றின் அகலம் 9.4 மில்லிமீட்டர். 2-ம் வெறுமையும் எதிரெதிர், அவற்றின் அகலம் 8.7. அகலமான பக்கத்தில்தான் கட்டை படுக்கும், அதனால் 1-ம் 3-ம் மாறி மாறி மேலே வந்தன. 9.4-ஐக் குறைக்க வேண்டுமென்றால் 2 இருக்கும் பக்கத்தையோ வெறுமைப் பக்கத்தையோ தேய்க்க வேண்டும். வெறுமைப் பக்கத்தில் புள்ளி கிடையாது, எவ்வளவு தேய்த்தாலும் அழிய ஒன்றுமில்லை. தட்டை அரத்தால் அரை மில்லிமீட்டர் இழைத்துவிட்டு, கண்ணாடித் துண்டின் மேல் 220 எண் உப்புத்தாளை விரித்துக் கட்டையை முன்னும் பின்னும் இழுத்தேன். கடைசியில் 400. கண்ணாடி எதற்கென்றால், உப்புத்தாளுக்கு அடியில் தரை மேடுபள்ளமாக இருந்தால் கட்டையும் அப்படியே தேயும். ஆத்தங்குடித் தரைக்கல் வார்ப்பவர்கள் கண்ணாடி மேல்தான் வார்க்கிறார்கள், சூளையும் இல்லாமல் மெருகும் போடாமல் அந்தப் பளபளப்பு வருவது அதனால்தான்.

அப்பத்தா பார்த்துவிட்டு, “காசு குடுத்துப் பழசை வாங்கி, அதை ராவிப் புதுசாக்குறியே, புதுசையே வாங்கியிருக்கலாம்ல?” என்றார். நியாயமான கேள்விதான்.

8.75-க்கு வந்ததும் நிறுத்தினேன். மறுபடி 200 தடவை: 47, 52, 49, 52. போதும். எது எந்தக் கட்டை என்று தெரிய முனைகளில் நெயில் பாலிஷ்: சிவப்பு 16, நீலம் 4, பூசாதது 1. நூல் சுற்றிப் பார்த்தோம், உருளும்போது நூல் தடுக்கிறது.

உருட்டும் இடமும் முக்கியம். வெறுங்கல் தரையில் கட்டை எகிறி வளவு வரைக்கும் ஓடும். பாயில் போட்டால் உருளாமல் பொத்தென்று உட்காரும். ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டால் சரியாக இருக்கிறது. உள்ளங்கையில் தேய்த்துப் போடும் வழக்கத்தையும் நிறுத்தினோம். தாயம் ஆடிப் பழகிய கைகள் எங்கள் வீட்டில் நிறைய, அவர்கள் கேட்ட எண்ணைப் போடுவார்கள். ஓலைக் கொட்டானில் மூன்றையும் போட்டுக் குலுக்கிக் கவிழ்க்க வேண்டும், கட்டையைக் கை தொடக் கூடாது.

பல்லாங்குழியும் பேரேடும்

அட்டவணை போட கம்ப்யூட்டர் வேண்டாம். எட்டு அணிக்குப் பல்லாங்குழியில் வரிசைக்கு நான்கு குழி, இரண்டு வரிசை. ஒவ்வொரு குழியிலும் ஊர்ப் பெயர் ஒட்டிய ஒரு சோழி. எதிரெதிர்க் குழிகள் அந்த வாரம் மோதும். மூலைச் சோழி ஒன்றை அசைக்காமல் மற்ற ஏழையும் ஒரு குழி நகர்த்தினால் அடுத்த வாரம். ஏழு வாரத்தில் எல்லோரும் எல்லோரோடும் ஆடி முடிந்திருக்கும். மறுபாதியில் ஊர் மட்டும் மாறும். மொத்தம் 14 வாரம், 56 ஆட்டம்.

பேரேட்டில் அணிக்கு ஒரு பக்கம். அடித்த கோல் வரவு, வாங்கிய கோல் பற்று. சீசன் முடிந்ததும் ஐந்தொகை எடுக்கிற மாதிரி எல்லா அணியின் வரவையும் கூட்டி, பற்றையும் கூட்டினால் இரண்டும் ஒன்றாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எங்கோ ஓர் ஆட்டத்தை ஒரு பக்கம் மட்டும் எழுதியிருக்கிறோம் என்று அர்த்தம். ஸ்ப்ரெட்ஷீட்டிலும் ஒரு சீசன் நடத்திப் பார்த்தோம். அதில் தற்செயல் எண் தரும் ராண்டு ஃபங்ஷனுக்கு ஒரு கெட்ட பழக்கம், வேறு எந்தக் கட்டத்தில் எதைத் தட்டினாலும் தன் எண்ணையும் மாற்றிக்கொள்ளும். போன வாரம் ஜெயித்த அணி இந்த வாரம் பெயரைத் திருத்தியதும் தோற்றிருந்தது. லிப்ரேஆபீஸின் 7.0 பதிப்பிலிருந்து அப்படித் தானாக மாறாத ஒரு வகையும் இருக்கிறது. ஆனால் அதற்குள் எல்லோரும் கட்டைச் சத்தத்துக்கே திரும்பிவிட்டோம்.

ஒன்பதாவது சோழி

ஆத்தங்குடியைக் கேட்டு வாங்கியது ஆச்சி, பெரியப்பா மகள். எட்டு ஊரையும் தம்பிகளும் அண்ணன்களும் பிடித்துக்கொண்ட பிறகு வந்து, “எனக்கு ஒண்ணு வேணும், பழசு எதையும் பிடுங்க மாட்டேன், புதுசா சேருங்க” என்றார். மறுக்க யாருக்கும் தைரியம் இல்லை.

அட்டவணை உடனே இடித்தது. ஒன்பது என்பது ஒற்றைப்படை. பல்லாங்குழியில் வரிசைக்கு ஐந்து குழி எடுத்து, பத்தாவதில் ஒரு புளியங்கொட்டையை மூலையில் அசையாமல் வைத்தோம். அதற்கு எதிர்க்குழியில் வருகிறவருக்கு அந்த வாரம் ஓய்வு. ஆளுக்கு 16 ஆட்டம்தான், ஆனால் முடிக்க 18 வாரம். ஒரே ஒரு அணி சேர்ந்ததற்கு நான்கு வாரம் கூடுதல்.

அடுத்தது ஆள் பிடிக்கும் விதி. பழைய அணி ஒவ்வொன்றும் 11 பேரைக் காப்பாற்றிக்கொள்ளலாம், மிச்சம் 7 பேரில் இருவரை ஆத்தங்குடி எடுத்துக்கொள்ளலாம். எட்டு அணியிலிருந்து 16 பேர், இன்னும் இருவர் புதிதாக. கேட்க நியாயமாகத் தெரியும். 11 என்பது ஓர் அணியின் முழு ஆடும் வரிசை. ஆக, ஆத்தங்குடிக்குக் கிடைத்தது எட்டு ஊரின் பெஞ்சு. மற்ற அணிகளின் முன்களம் 30, பின்களம் 30 அளவில் நின்றபோது ஆத்தங்குடி 23, 23.

வரிசையில் போட்டுப் பாருங்கள். உள்ளூரில் ஆத்தங்குடி 23 + 3 − 30 = −4, இரண்டாம் வரிசை. வெளியூரில் −7, முதல் வரிசை. எதிரணி எங்கே ஆடினாலும் நான்காம் வரிசை. வெளியூர் வெற்றிக்கு நூற்றுக்கு 12, உள்ளூரில் 18. சராசரியாக 16 ஆட்டத்துக்குப் பத்தரைப் புள்ளி வர வேண்டும். வந்தது 6. ஒரு வெற்றி, மூன்று டிரா, 11 கோல் அடித்து 34 வாங்கியது.

நிஜ உலகில் இதைவிட மோசமாக நடந்திருக்கிறது. அமெரிக்கன் ஃபுட்பாலில் 1976-ல் புதிதாகச் சேர்ந்த டாம்பா பே பக்கனீர்ஸ் அந்த சீசனின் 14 ஆட்டத்தையும் தோற்றது. அடுத்த வருஷமும் தொடர்ந்து மொத்தம் 26 தோல்வி. முதல் வெற்றி 1977 டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸில்தான். ஆச்சிக்கு இதைச் சொன்னபோது, “ஆறுதலா சொல்றியா, பயமுறுத்துறியா?” என்று கேட்டார்.

அந்த ஒரே வெற்றியையும் சொல்லியாக வேண்டும். கானாடுகாத்தானில் ஆட்டம். ஆத்தங்குடிக்கு முதல் வரிசை, கானாடுகாத்தானுக்கு நான்காம் வரிசை. வந்த அணி முதலில் உருட்டும் என்பது விதி. கொட்டானைக் கவிழ்த்தால் சிவப்பு 3, நீலம் 2, பூசாதது 1. 48 + 8 + 1 = 57. இரண்டு கோல். கானாடுகாத்தானை வைத்திருக்கும் அண்ணன் அலட்டிக்கொள்ளவில்லை, அவருக்கு 43 வந்தாலே மூன்று கோல். குலுக்கிக் கவிழ்த்தார். நீலமும் பூசாததும் உடனே படுத்தன, நீலம் வெறுமை, பூசாதது 3. சிவப்பு ஜமுக்காள மடிப்பில் சாய்ந்து நின்று, 2 காட்டுவதா 1 காட்டுவதா என்பது போல் இருந்துவிட்டு 1-ல் சரிந்தது. 16 + 0 + 3 = 19, ஒரு கோல். சாய்ந்த கட்டையை மறுபடி உருட்ட வேண்டும் என்று அண்ணன் வாதாடினார். தானாக விழுந்தால் செல்லும் என்று அன்றைக்குத்தான் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் விதியாக எழுதினோம்.

சலுகை

அடுத்த சீசனில் ஆத்தங்குடியின் முன்களத்துக்கு 3 கூட்டிக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஆச்சிக்கும் அது பிடிக்கவில்லை, தோற்றாலும் சொந்தக் காலில் தோற்கிறேன் என்றார். ஆனாலும் ஒரு சீசன் ஓடியது. பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஏன் என்று உட்கார்ந்து பார்த்தபோதுதான் படிக்கட்டுக் கோளாறு கண்ணில் பட்டது. உள்ளூரில் −4 ஆக இருந்தது −1 ஆனது. இரண்டுமே இரண்டாம் வரிசைதான்! கொடுத்த 3 அங்கே ஒரு பைசாவுக்கும் பிரயோஜனமில்லை. வெளியூரில் மட்டும் −7, −4 ஆகி ஒரு படி ஏறியது. முழு சீசனுக்கும் சேர்த்து ஒன்றரைப் புள்ளி கூடும், அவ்வளவே. பிறத்தியார் கண்ணுக்குப் பெரிய சலுகை, வாங்கியவர் கைக்கு ஒன்றுமில்லை.

இதை முதலில் புரிந்துகொண்டது ஆச்சிதான். பேங்கில் வேலை, எண்ணைப் பார்த்தால் விட மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, “முப்பதுக்கு எதிரா எனக்கு எவ்வளவு இருந்தா நாலாவது வரிசை வராது?” என்று கேட்டார். கணக்குப் போட்டோம். எதிரணி அவர்கள் ஊரில் 30 + 3. அதிலிருந்து ஆத்தங்குடியின் பின்களத்தைக் கழித்தால் 6 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும். ஆக 27. பின்களம் 27-ஐத் தொட்டுவிட்டால் எந்த ஊரிலும் யாரும் ஆத்தங்குடிக்கு எதிராக நான்காம் வரிசையில் உருட்ட முடியாது. 26 இருந்தால் பாதி ஆட்டத்தில் உருட்டலாம். ஒரே ஒரு எண்ணில் அவ்வளவு வித்தியாசம்.

முன்களத்துக்கும் அதே மாதிரி ஓர் எல்லை உண்டு. உள்ளூரில் இரண்டாம் வரிசையில் நிற்க 22 போதும். 23-ல் ஒன்று உபரி. வெளியூரில் முதல் வரிசையைத் தாண்ட 25 வேண்டும், அது அப்போது கைக்கு எட்டாது. அதனால் வெளியூர் கோலை மறந்துவிட்டார். முன்களத்தில் இருந்த தன் ஒரே 7-ஐப் பள்ளத்தூருக்குக் கொடுத்து இரண்டு தடுப்பாட்டக்காரர்களை வாங்கினார். பள்ளத்தூர்க்காரன், ஆச்சியை ஏமாற்றிவிட்டதாக நினைத்து எல்லோருக்கும் மெசேஜ் அனுப்பினான். சீசன் தொடக்கத்தில் புது வீரர்களை எடுக்கும்போது கடைசி இடத்து அணிக்கே முதல் உரிமை. அதில் வந்தவர்களையும் சேர்த்து முன்களம் 22, பின்களம் 27.

சலுகை இல்லாமல் ஆடிய அந்த மூன்றாம் சீசனில் ஆத்தங்குடி வாங்கிய கோல் 25, முதல் சீசனைவிட 9 குறைவு. ஆட்டங்கள் பார்க்கச் சகிக்காது. 0-0, 0-1, 1-1. ஆனால் கடைசி இடம் போனது, எட்டாவது வந்தது. கணக்குப்படி பத்தரையாக இருந்த சராசரி பதினாலரைப் புள்ளியாக ஏறியிருந்தது. கூடுதலாக வந்த பலம் மொத்தமே மூன்று எண். சலுகையில் கொடுத்ததும் அதே மூன்றுதான்.

பத்தாவது

ஒன்பது அணிக்கும் 18 வாரம், பத்து அணிக்கும் 18 வாரம். ஓய்வு வாரம் போய் எல்லா வாரமும் ஐந்து ஆட்டம், மொத்தம் 90. புளியங்கொட்டை இருந்த குழியில் ஒரு சோழியை வைத்தால் முடிந்தது, வாரம் கூடாது. ஐஎஸ்எல் என்கிற இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து 2017-18 சீசனில் எட்டிலிருந்து பத்தாகப் போனபோது பெங்களூருவும் ஜாம்ஷெட்பூரும் ஒன்றாகத்தான் சேர்ந்தன. அணிக்கு 14 ஆட்டம் 18 ஆனது. நாங்களும் முதலிலேயே இரண்டாகச் சேர்த்திருந்தால் மூன்று சீசனுக்கு ஓய்வு வாரத் தொல்லை இருந்திருக்காது, ஆச்சிக்குத் துணைக்கு இன்னொரு நோஞ்சான் அணியும் கிடைத்திருக்கும்.

பெங்களூரு கதையில் இன்னொன்றும் இருக்கிறது. அவர்கள் வெறுங்கையோடு வரவில்லை, ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கில் ஆடிப் பழகிய அணி, சுனில் சேத்ரியும் உண்டு. சேர்ந்த சீசனிலேயே பட்டியலில் 40 புள்ளியோடு முதலிடம், இறுதி ஆட்டத்தில்தான் சென்னையின் எஃப்சி அணியிடம் 3-2 என்று தோற்றார்கள். புது அணி மோசமாகத்தான் தொடங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எத்தனை நல்ல கால்களோடு உள்ளே விடுகிறோம் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. எங்கள் லீக்கில் அந்தக் கதவின் தாழ்ப்பாள் 11 என்ற எண்.

அதனால் அரியக்குடி பத்தாவது அணியாக வந்தபோது காப்பு எண்ணை 8 ஆக்கினோம். ஒவ்வொரு பழைய அணியின் ஆடும் வரிசையிலிருந்தும் மூன்று பேர் சந்தைக்கு வருவார்கள். ஒருவரை அரியக்குடி எடுத்ததும் அந்த அணி இன்னொருவரை உள்ளே இழுத்துக்கொள்ளலாம், அதற்கப்புறம்தான் இரண்டாவது ஆள். 7 வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார், காகிதத்தில் போட்டுப் பார்த்ததில் பழைய அணிகள் ரொம்ப மெலிந்தன. 9 வைத்தால் பழைய கதைதான். 8-ல் அரியக்குடிக்கு 27, 27 வந்தது, மற்றவர்கள் 29-க்கு இறங்கினார்கள். ஆத்தங்குடியிடமிருந்து யாரையும் எடுக்கக் கூடாது என்று விலக்கு கொடுத்தோம். அது இல்லாமல் ஆச்சி அறைக்குள்ளேயே வந்திருக்க மாட்டார்.

மற்றவர்கள் ஓர் எண் இறங்கியதைவிட, ஆத்தங்குடி தானாக ஏறியதுதான் அதற்கு லாபம். அதற்குள் முதல் உரிமையில் எடுத்த இளசுகள் தேறி முன்களம் 25, பின்களம் 28 ஆகியிருந்தது. 25 − 29 = −4. முதல் முறையாக வெளியூரிலும் இரண்டாம் வரிசை. எதிரணி எங்கேயும் மூன்றாவதற்கு மேல் போக முடியாது. கணக்குக்கு 19 புள்ளி வர வேண்டியது, 23 வந்தது. கட்டை கொஞ்சம் கண் திறந்து பார்த்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரியக்குடி 21 எடுத்து ஏழாவது. புதிதாக வருகிற அணி எடுக்க வேண்டிய அளவு அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

செலவுக் கணக்கு: பழைய ஜோடி 450, பட்டறைக் கட்டை 180, உப்புத்தாள் 60, பேரேடு 140, வரிசைப் பட்டியலை லேமினேட் செய்ய 50. மொத்தம் 880. அரம் வீட்டில் இருந்தது. பல்லாங்குழியும் கொட்டானும் அப்பத்தாவுடையவை. நெயில் பாலிஷ் யாருடையது என்று சொன்னால் சண்டை வரும்.

மறுபடி முதலிலிருந்து செய்தால், பழைய கட்டைக்குப் போகாமல் மூன்றையும் ஒரே சதுரக் கம்பியில் வெட்டி வாங்குவேன். புள்ளிகளை ஆழமாக அடிக்கச் சொல்லாமல் மேலாகப் பொறிக்கச் சொல்வேன், பித்தளையைத் தோண்டிய பக்கம் எடை குறையும். எட்டிலிருந்து நேராகப் பத்து. காப்பு எண் முதல் நாளே 8.

வரிசைப் பட்டியலையும் மாற்ற வேண்டும். நான்கு படி போதாது, ஓர் எண் கூடினால் ஒன்றும் நடக்காத இடமும், ஓர் எண்ணில் எல்லாம் புரளும் இடமும் இருக்கக் கூடாது. நடுவில் இரண்டு வரிசை போட்டு வைத்திருக்கிறேன். சராசரி 1.25-க்கு: 0–17 இல்லை, 18–40 ஒன்று, 41–54 இரண்டு, 55–60 மூன்று, 61–62 நான்கு, 63 ஐந்து. 1.75-க்கு: 0–10 இல்லை, 11–30 ஒன்று, 31–47 இரண்டு, 48–57 மூன்று, 58–61 நான்கு, 62–63 ஐந்து. இவற்றைச் சேர்த்தால் ஆறு படி. கழித்து வரும் எண்ணை எங்கெங்கே வெட்டுவது என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.

ஆச்சி இதற்கு ஒப்பவில்லை. 27 என்ற எண்ணை நம்பி இரண்டு சீசனாக அணியைக் கட்டியிருக்கிறேன், இப்போது படியைக் கலைத்தால் நான் கொடுத்த 7-ஐப் பள்ளத்தூரிடமிருந்து திருப்பி வாங்கித் தருவாயா என்கிறார். மாற்றுவதென்றால் புது வீரர்களை எடுக்கும் நாளுக்கு முன்னாலேயே புதுப் பட்டியல் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை. அது சரிதான், எழுதிக்கொண்டேன். பிள்ளையார் நோன்புக்கு எல்லோரும் வீட்டுக்கு வரும்போது கைதூக்கச் சொல்லி முடிவெடுக்கப் போகிறோம்.